வலிக்கும் காவலுக்கும் ஒரே பூட்டு

கருணாபுரம் எங்கோ காட்டுக்குள் இருக்கிற குக்கிராமம் இல்லை. கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. 2024 ஜூன் 18-ஆம் தேதி வாக்கில் அங்கே பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் முதலில் வயிற்றுவலி என்றுதான் சொன்னார்கள். அடுத்து வாந்தி. அடுத்து கண் மங்கியது. முதலில் இறந்தவரின் துக்க வீட்டுக்கு வந்தவர்களும் அதே சரக்கைக் குடித்ததாகச் செய்திகள் வந்தன. 19-ஆம் தேதி சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டின. சேலம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி ஜிப்மர் என்று நோயாளிகளைப் பிரித்து அனுப்பினார்கள். கடைசிக் கணக்கில் 65 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அதற்கு ஓராண்டு முன்னால்தான், 2023 மே மாதம், மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே கதை நடந்து 20 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள்.

இரண்டு இடத்திலும் ஆளைக் கொன்றது மெத்தனால். அதை முதலில் பேசி முடித்துவிடுவோம், ஏனென்றால் இந்த அத்தியாயம் போகப்போகிற திசை வேறு. மெத்தனால் உள்ளே போனவுடனே கொல்வதில்லை. அதைக் கொலைகாரனாக ஆக்குவது நம் ஈரல்தான். சாராயத்தில் இருக்கும் எத்தனாலைச் சிதைக்க ஈரலில் ஒரு நொதி இருக்கிறது. அதே நொதி மெத்தனாலையும் பிடித்து ஃபார்மால்டிஹைடாக மாற்றும். அது அடுத்து ஃபார்மிக் அமிலமாகும், சிற்றெறும்பு கடித்தால் சுரீரென்று எரிகிறதே, அந்த வகை அமிலம். அது செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியை அடைத்துவிடும். மூச்சு இருக்கும், காற்று போகும், செல் மட்டும் மூச்சுத் திணறும். பார்வை நரம்புக்குச் சக்தி அதிகம் தேவை என்பதால் அது முதலில் விழுகிறது.

இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட. அதனால்தான் குடித்தவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, அப்புறம் விழுகிறார். மருத்துவமனையில் செய்வது எளிமையான தந்திரம். ரேஷன் கடையில் பில் போட ஒரே ஆள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெத்தனாலைவிட எத்தனால் மேல் அந்த நொதிக்குப் பல மடங்கு பிரியம். எத்தனாலைக் கொடுத்து வரிசையில் முன்னால் நிறுத்திவிட்டால் மெத்தனால் பின்னால் காத்துக்கிடக்கும். அதற்குள் டயாலிசிஸ் அதை வெளியே தள்ளிவிடும். ஃபோமெபிசோல் என்ற மருந்து இன்னும் நேர்த்தி, பில் போடும் ஆளையே கடையிலிருந்து கிளப்பிவிடும். சாராயத்தால் வந்தவரைச் சாராயத்தின் மூலப்பொருளைக் கொடுத்தே காப்பாற்றுகிற அந்தக் காட்சியை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது.

மெத்தனால் அத்தோடு போகட்டும். அந்த வாரம் முழுக்கத் தொலைக்காட்சிக்காரர்கள் மைக்கை நீட்டிக் கேட்டது ஒரே கேள்வி: ஏன் குடிக்கிறார்கள்? மூட்டை தூக்குகிறவர்கள், கூலி வேலைக்குப் போகிறவர்கள் வாழும் எந்தத் தெருவில் கேட்டாலும் பதில் ஒன்றுதான். "உடம்பு வலிக்குதுங்க. ஒரு பாக்கெட் போட்டாத்தான் தூக்கம் வருது."

இதைச் சாக்கு என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. நான் தள்ளமாட்டேன். உடலியல்படி பார்த்தால் இது ஏறக்குறைய துல்லியமான பதில்.

*

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் பஸ் ஏறினால் கோமுகி அணையைத் தாண்டி மலை தொடங்கிவிடும். மேலே வெள்ளிமலை. கல்வராயன் மலை கள்ளக்குறிச்சி, சேலம், தருமபுரி மூன்று மாவட்டங்களில் கால் நீட்டிக் கிடக்கிறது. அங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, தமிழ்தான் பேச்சு. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. 1976 வரை இந்த மலை மூன்று ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. சாலையும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இங்கே தாமதமாகத்தான் வந்தன, இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. 2024 சம்பவத்துக்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த மலைமக்களின் நிலைமையை வழக்காக எடுத்துக்கொண்டது.

கருணாபுரத்தில் சாவு விழுந்ததும் எல்லோர் விரலும் மலையை நோக்கித்தான் நீண்டது. போலீஸ் வழக்கம்போல ஏறி ஊறலை அழித்தது. ஊறல் என்பது இதுதான்: ஓடை பக்கமாக, தண்ணீர் கிடைக்கிற மறைவான இடத்தில் பிளாஸ்டிக் பேரல், அதில் வெல்லம், வேலம்பட்டை, சில இடத்தில் கடுக்காய். கடுக்காய் இந்த மலையில் காட்டு விளைச்சல். பட்டையின் துவர்ப்பும் கடுக்காயின் துவர்ப்பும் வேண்டாத பாக்டீரியாவை ஓரளவு அடக்கிவைக்க, ஈஸ்ட் மட்டும் வெல்லத்தைத் தின்று எத்தனாலை விடும். நுரை அடங்கியதும் அடுப்பேற்றி வடிப்பார்கள். இந்த வெல்லச் சாராயத்தில் மெத்தனால் மிகச் சொற்பமாகவே உண்டாகும். 65 உயிரை வாங்கும் அளவுக்கு வேண்டுமானால் தொழிற்சாலைக்கு என்று தயாரித்த மெத்தனால் எங்கிருந்தோ லாரியிலோ கேனிலோ வந்திருக்கவேண்டும். வெல்லமும் பட்டையும் அதைத் தராது.

மலைச் சாராயம் நல்லது என்று சொல்லவரவில்லை. அது செய்கிற வேலை மெதுவானது, அவ்வளவுதான். அந்த மெதுவான வேலையைப் புரிந்துகொள்ள, சாராயத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு அபினியிடம் போகவேண்டும்.

*

நம் வீட்டுக் குருமாவில் அரைத்துவிடும் கசகசா ஒரு செடியின் விதை. அதே செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பால்தான் அபினி. விதையில் மயக்கம் இல்லை; குருமாவைப் பற்றிக் கவலை வேண்டாம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்ட்யூர்னர் என்ற ஜெர்மானிய மருந்துக் கடைக்காரர் அபினியிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார். அடுத்த 170 ஆண்டுகள் யாருக்கும் விடை தெரியாத கேள்வி ஒன்று இருந்தது: எங்கோ வயலில் முளைக்கிற செடியின் பாலுக்கு மனித மூளையில் என்ன வேலை?

1973-இல் அமெரிக்காவில் கேண்டேஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் மூளைச் செல்களின் மேல் மார்ஃபின் போய் உட்காரும் ஏற்பியைக் காட்டினார்கள். பூட்டு கிடைத்துவிட்டது. பூட்டு இருந்தால் வீட்டுக்காரனிடம் சொந்தச் சாவி இருந்தாகவேண்டும். 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்சும் பன்றி மூளையிலிருந்து அந்தச் சாவியை எடுத்தார்கள். அதற்கு என்கெஃபலின் என்று பெயர். பிறகு எண்டார்ஃபின்கள் வந்தன. உடம்பே தயாரிக்கும் அபினி. அடிபட்டவன் அந்த நேரத்தில் வலி தெரியாமல் எழுந்து ஓடுவது இதன் தயவில்தான். கசகசாச் செடி செய்வது கள்ளச்சாவி போட்டுத் திறக்கிற வேலை.

சாராயத்துக்கு அந்தப் பூட்டில் நுழையும் வடிவம் கிடையாது. அது வேறு வழி பார்க்கிறது. எத்தனால் மூளைக்குப் போனதும் மூளை தன் எண்டார்ஃபினை வெளியே விடுகிறது. குடித்தவர்களின் மூளையைப் படமெடுத்தே இதைப் பார்த்திருக்கிறார்கள். அதைவிட நல்ல சாட்சி ஒரு மாத்திரை. நால்ட்ரெக்சோன் அபினிப் பூட்டின் துளையை அடைத்துவிடும், திறக்காது. ஹெராயின் பழக்கத்துக்கு என்று வந்த அந்த மருந்தைக் குடிநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த இரண்டு ஆய்வுகள் 1992-இல் வெளியாயின. குடி குறைந்தது, குடித்தாலும் முன்போல ஏறவில்லை என்றார்கள். 1994-இல் அமெரிக்கா அதைக் குடிநோய்க்கான மருந்தாக ஒப்புக்கொண்டது. நம் ஊர் மனநல மருத்துவர்களும் எழுதிக்கொடுக்கிறார்கள். அபினிக்கான அடைப்பு சாராயத்துக்கும் வேலை செய்கிறது என்றால், "உடம்பு வலிக்குதுங்க" என்று சொன்ன அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. பாக்கெட்டைக் கடித்துத் துப்பிவிட்டுத் தன் மூளையிடமிருந்து கொஞ்சம் அபினி வாங்கிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பூட்டு மூளையில் மட்டும் இருந்திருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே முடிந்திருக்கும்.

*

1898. பாரிஸ், பாஸ்டர் நிறுவனம். வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்குகின்றன என்று கண்டுபிடித்து உலகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எலீ மெச்னிகாஃபின் பட்டறை அது. ருமேனியாவிலிருந்து வந்து அங்கே வேலை பார்த்த இளைஞர் காண்டாகுசினோ. காலரா கிருமியைக் கினிப் பன்றியின் வயிற்றுக்குள் செலுத்தினால் வெள்ளை அணுக்கள் திமுதிமுவென்று வந்து விழுங்கும், அதுவரை தெரிந்ததே. காண்டாகுசினோ சில கினிப் பன்றிகளுக்கு முன்கூட்டியே அபினி கொடுத்துவிட்டுக் கிருமியை விட்டார். வெள்ளை அணுக்கள் வந்து சேர்வதிலேயே சுணக்கம். வந்தவையும் சரியாக விழுங்கவில்லை.

விலங்கு மயங்கியது சரி. வயிற்றில் மிதக்கும் தனித்தனிச் செல்லுக்கு மயக்கம் எப்படி வரும்? 1898-இல் இதற்குப் பதில் சொல்ல ஆளில்லை. ஏற்பி என்ற சொல்லே அப்போது சரியாகப் பிறந்திருக்கவில்லை. பதில் வர 1979 ஆனது. பெல்ஜியத்தில் ஜோசஃப் வைப்ரான் குழு, மனித ரத்தத்திலிருந்து டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் போட்டு மார்ஃபினைச் சேர்த்தது. குழாயில் மூளை இல்லை, நரம்பு இல்லை. செல்களின் நடத்தை மாறியது. பூட்டை அடைக்கும் மருந்தைச் சேர்த்ததும் பழையபடி ஆனது. கிருமியிடமிருந்து உடம்பைக் காக்கும் காவல்காரன் சட்டையிலேயே அந்தப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

ஏன் தொங்கவேண்டும்? எனக்கு இந்த விஷயத்திலேயே மிகப் பிடித்த பகுதி இதுதான். கிறிஸ்டோஃப் ஸ்டைன் என்ற ஜெர்மானிய மயக்கவியல் மருத்துவர் வீங்கிய மூட்டுகளை ஆராய்ந்தார். அடிபட்டு வீங்கிய இடத்துக்கு ஓடிவரும் வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்லும் ஆயுதத்தோடு மட்டும் வருவதில்லை. தங்களுக்குள் எண்டார்ஃபினையும் கட்டிக்கொண்டு வருகின்றன. வந்த இடத்தில் அதை அவிழ்த்து, அங்கிருக்கும் வலி நரம்பின் முனைக்குக் கொடுக்கின்றன. 1991-இல் அவர் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு மூட்டுக்குள்ளேயே மிகச் சிறிய அளவு மார்ஃபினைச் செலுத்திக் காட்டினார். மூளைவரை போகத் தேவையில்லாமலே வலி தணிந்தது. தீயணைக்க வந்தவர்கள் கையில் மோர்ப் பானையும் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆக, வலியும் நோய் எதிர்ப்பும் ஒரே மொழியில் பேசிக்கொள்கின்றன. புண் ஆறும்போது "போதும், அடங்கு" என்று நரம்புக்கும் செல்லுக்கும் ஒரே சமயத்தில் சொல்ல அந்த மொழி உதவுகிறது. இயல்பாக நடக்கும்போது அது சொட்டுச் சொட்டாக, வேண்டிய இடத்தில், வேண்டிய நிமிடத்துக்கு மட்டும். வெளியிலிருந்து நாள்தோறும் மார்ஃபினோ ஹெராயினோ வந்தால், எங்கும் எப்போதும் "அடங்கு, அடங்கு" என்ற உத்தரவு ஒலித்துக்கொண்டிருக்கும்.

அடங்கினால் என்ன ஆகும்? விழுங்கும் செல் கிருமியின் வாசனையைப் பின்தொடர்ந்துதான் நகர்கிறது. அபினிப் பூட்டு திறந்ததும் அந்த வாசனை பிடிக்கும் ஏற்பிகள் செல்லுக்குள்ளேயே மந்தமாகிவிடும். அருகில் கிருமி இருந்தும் போகாது. போனாலும் அரைகுறையாக விழுங்கும். புற்றுச் செல்லையும் வைரஸ் புகுந்த செல்லையும் தீர்த்துக்கட்டும் இயற்கைக் கொல்லி செல்களின் வேகமும் குறைகிறது, ஆனால் அது பெரும்பாலும் மூளை வழியாக நடக்கிறது. நடுமூளையில் ஒரு பகுதி மார்ஃபினால் தூண்டப்பட்டுப் பரிவு நரம்புகள் மூலம் மண்ணீரலுக்குச் சேதி அனுப்புகிறது. மார்ஃபினைத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்துதான். உடல் அலறி, கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறி, அதுவும் எதிர்ப்பை அமுக்கும்.

பிறகு குடல். அபினி தின்றவருக்கு மலச்சிக்கல் வரும் என்பது ஊரறிந்த விஷயம். குடல் முழுக்க இந்தப் பூட்டுகள்தான். பேதிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் லோபெராமைட்கூட, அபினிப் பூட்டில் உட்காரும் ஓபியாய்டு குடும்பத்துப் பிள்ளையே, மூளைக்குள் நுழையாத சாது. (ரத்தபேதியும் காய்ச்சலும் இருக்கும்போது அதைப் போடாதீர்கள். வெளியே போகவேண்டிய கிருமியை உள்ளே பூட்டிவைத்த கதையாகும்.) மார்ஃபின் குடலை மந்தமாக்குவதோடு நிற்பதில்லை. குடற்சுவரில் செல்லும் செல்லும் ஒட்டியிருக்கும் சந்துகளை அது தளர்த்திவிடுகிறது. எலிகளில் பார்த்தால், குடலில் சமர்த்தாக இருந்த பாக்டீரியா அந்தச் சந்து வழியாக நிணநீர்க் கணுக்களுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. காவல் தூங்குகிற அதே நேரத்தில் மதிலிலும் ஓட்டை.

எலிக்கும் கினிப் பன்றிக்கும் நடப்பது நமக்கும் நடக்கிறதா என்று கேட்பது நியாயம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் அரசு மருத்துவக் காப்பீடு பெற்றவர்களின் பதிவேடுகளை அலசிய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. ரத்தத்துக்குள் இறங்கும் கடுமையான நிமோகாக்கஸ் தொற்று வந்த 1,233 பேரை, அது வராத 24,399 பேரோடு ஒப்பிட்டார்கள். டாக்டர் சீட்டின்படி ஓபியாய்டு வலி மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தத் தொற்றுக்கான வாய்ப்பு சுமார் 1.6 மடங்கு. அவர்கள் தெருவில் ஊசி போட்டவர்கள் இல்லை. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கியவர்கள்.

*

இப்போது பாக்கெட்டை மறுபடி கையில் எடுப்போம். நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிடவேண்டும்: சாராயம் எதிர்ப்புச் சக்தியைக் குலைப்பது முழுக்க எண்டார்ஃபின் வழியாக இல்லை. அதற்குச் சொந்தக் கைகள் பல உண்டு. ஆனால் அது போய்த் தட்டும் கதவுகள் அதே கதவுகள்.

நுரையீரலின் காற்றறைகளில் ரோந்து சுற்றும் விழுங்கு செல்களை எடுத்துக்கொள்வோம். நாம் இழுக்கும் தூசியையும் கிருமியையும் தின்று சுத்தம் செய்வது அவற்றின் வேலை. நாள்பட்ட குடியில் இந்தச் செல்களைத் துருப்பிடிக்காமல் காக்கும் குளூட்டாதயோன் என்ற பொருள் வற்றிப்போகிறது. செல் உயிரோடுதான் இருக்கும், பசி இருக்காது. மூச்சுக்குழலில் சளியை மேலே தள்ளும் மயிரிழைகள் சோர்ந்துவிடுகின்றன. போதையில் மல்லாந்து கிடப்பவருக்கு இருமல் அனிச்சையும் மங்கிவிடுவதால் வாயிலிருக்கும் எச்சில் நேரே நுரையீரலுக்கு இறங்கும். குடலிலும் அந்தப் பழைய சந்து தளர்ந்து, பாக்டீரியாவின் நச்சு ஈரலுக்குப் போக, ஈரலில் இருக்கும் விழுங்கு செல்கள் வெறிபிடித்துச் சொந்த வீட்டையே கொளுத்துகின்றன. ஒரு பக்கம் தூங்கும் காவல், இன்னொரு பக்கம் வெறிகொண்ட காவல். குடிநோயாளியின் உடம்பில் இரண்டும் ஒரே நேரத்தில் உண்டு.

எவ்வளவு குடித்தால்? டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லி. லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். 180-ஐ 42.8 சதவீதத்தால் பெருக்கினால் 77 மில்லி எத்தனால். எத்தனால் தண்ணீரைவிட லேசு என்பதால் எடைக்கணக்கில் சுமார் 61 கிராம். நாளொன்றுக்கு 40 கிராமுக்கு மேல் குடிப்பவர்களுக்கும் குடிநோயாளிகளுக்கும் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2008-ஆம் ஆண்டுத் தொகுப்பு சொல்கிறது. தினம் ஒரு குவார்ட்டர் என்கிறவர் அந்தக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டார். "நான் கட்டிங்தான் போடுவேன்" என்கிறவர் பாதி குவார்ட்டரோடு 30 கிராமில் நிற்கிறார், இரண்டாவது கட்டிங் கேட்காதவரை.

காசநோய்க் கிருமிக்கும் இந்தக் கதைக்கும் ஆழமான பொருத்தம் உண்டு. அது குடியிருப்பதே விழுங்கு செல்லுக்குள்தான். நம்மில் நிறையப் பேர் நுரையீரலில் அந்தக் கிருமி அடைபட்டுக் கிடக்கிறது; விழுங்கு செல்களும் டி செல்களும் அதைச் சுற்றி வட்டம் கட்டி நிற்கின்றன, ஆயுள் முழுக்க. காவல் சலிக்காதவரை நோய் இல்லை. அரை வயிறு, தூக்கமின்மை, நீரிழிவு, புகை, குடி, இவற்றில் எதுவும் அந்த வட்டத்தைத் தளர்த்தும். குடிப்பவர் பெரும்பாலும் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை, அதனால் இரண்டு தளர்ச்சி சேர்ந்தே வரும். மெத்தனால் கொன்றால் தலைப்புச் செய்தி. இப்படி வட்டம் உடைந்து இருமத் தொடங்கியவரைப் பற்றி எந்தச் சேனலும் மைக் நீட்டாது.

*

பாக்கெட்டுக்கு அடுத்த தலைமுறைச் சரக்கு மாத்திரையாக வந்திருக்கிறது. டேபென்டடால் என்ற வலி மாத்திரை தமிழ்நாட்டுக் குற்றச் செய்திகளில் இப்போது அடிக்கடி தென்படும் பெயர். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலிக்கும் நீரிழிவு நரம்பு வலிக்கும் நல்ல மருந்து. அபினிப் பூட்டைத் திறக்கும் ஓபியாய்டு. அதன் அண்ணன் டிராமடாலை 2018-இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். டேபென்டடாலைப் பையன்கள் விழுங்குவதோடு விடுவதில்லை. பொடித்துத் தண்ணீரில் கலக்கி ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

மாத்திரையில் மருந்து கொஞ்சம்தான். மீதி டால்க், மாவு, பிசின். வயிற்றுக்குப் போனால் வம்பில்லை. ரத்தக்குழாயில் ஏற்றினால் அந்தத் துகள்கள் இதயத்தின் வலப்பக்கம் போய், அங்கிருந்து நுரையீரலின் மயிரிழை போன்ற குழாய்களில் சிக்கிக்கொள்ளும். துடைக்காத தோலிலிருந்து ஊசியோடு போகும் ஸ்டஃபைலோகாக்கஸ் வலப்பக்க வால்வில் கூடு கட்டும். இருபது வயதுப் பையன் விடாத காய்ச்சலோடு வந்து இதய வால்வில் தொற்று என்று தெரிந்தால், மருத்துவர் சட்டைக் கையை மடித்து முழங்கை மடிப்பைப் பார்ப்பார். கிருமியை ஊசி உள்ளே விடுகிறது. வரவேற்க வேண்டிய காவலை மருந்து முன்பே அடக்கிவைத்திருக்கிறது. ஊசியைப் பகிர்ந்துகொண்டால் எச்.ஐ.வி.யும் மஞ்சள்காமாலை சி-யும் சேரும்.

*

இவ்வளவும் படித்துவிட்டு, வீட்டில் புற்றுநோயால் படுத்திருக்கும் அம்மாவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மார்ஃபினை நிறுத்திவிடலாமா என்று யாராவது நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். ஆறாத வலியும் எதிர்ப்புச் சக்தியை நொறுக்கும். 1990-களில் எலிகளுக்கு அறுவை சிகிச்சை செய்து பார்த்தார்கள். வலியோடு விட்ட எலிகளில் புற்றுச் செல்கள் நுரையீரலில் அதிகமாகப் பற்றின. மார்ஃபின் கொடுத்து வலியைத் தணித்த எலிகளில் அது குறைந்தது. காவலை அடக்குகிற அதே மருந்து, வலி இருக்கிற உடம்பில் காவலைக் காப்பாற்றியது! வலியில்லாத உடம்பும் வலியுள்ள உடம்பும் மார்ஃபினுக்கு இரண்டு வேறு நாடுகள். எல்லா ஓபியாய்டும் ஒரே அளவில் அடக்குவதும் இல்லை. மார்ஃபினும் ஃபென்டனிலும் முன்வரிசை. புப்ரெனார்ஃபின் இந்த விஷயத்தில் சாது.

இந்தியாவில் நடந்த அநியாயம் வேறு மாதிரி. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசே உரிமம் கொடுத்து அபினி பயிரிட வைக்கிறது. மருந்துக்கான அபினியை ஏற்றுமதிகூடச் செய்த நாடு இது. 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியில், ஒரு மார்ஃபின் மாத்திரை வைத்திருக்க ஆஸ்பத்திரி அத்தனை லைசென்ஸ் வாங்கவேண்டியிருந்ததால், பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபினே வேண்டாம் என்று விட்டுவிட்டன. நம் ஆட்கள் வலியில் துடித்துச் செத்தார்கள். கேரளத்தின் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் இருபது வருடம் முட்டிமோதியதில் 2014-இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. திருத்தம் வந்த பிறகும் சின்ன ஊர்களில் மார்ஃபின் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். மூட்டை தூக்குகிறவருக்கோ முறையான வலி மருத்துவம் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. அவருக்கு எட்டும் தூரத்தில் இருந்தது பாக்கெட்.

*

வட்டம் உடைந்து இருமத் தொடங்கிய அந்த மனிதரிடம் திரும்புவோம். 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கியது. காசநோய் என்று தெரிந்ததும் யாரை உடனே படுக்கையில் சேர்க்கவேண்டும், யாரை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம் என்று பிரிப்பதுதான் திட்டம். இதற்கு ஸ்கேன் வேண்டாம், பெரிய லேப் வேண்டாம். மலையில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்துவிடலாம். எடையும் உயரமும் பார்ப்பார்கள். காலில் பெருவிரலால் அழுத்திப் பள்ளம் விழுகிறதா என்று பார்ப்பார்கள். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவார்கள், 24-க்கு மேல் போனால் ஒரு குறி. விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்ப்பார்கள், 94-க்குக் கீழே என்றால் இன்னொரு குறி.

கடைசிச் சோதனைக்குக் கருவியே கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடம் நர்ஸ் சொல்வார்: "எதையும் புடிக்காம எழுந்திரிச்சு நில்லுங்கண்ணே, பாப்போம்."